கொசுறு மீன்

நாத்தனார்கள் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நான் இத்தனை வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரே வீட்டில் மாடியில் நான், கீழே அண்ணனும் அண்ணியும். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்பதில் தொடங்கி எங்களுக்குள் சண்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இப்போது அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு மீன். நூலில் பின்னிய மீன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

அண்ணி குரோஷா பின்னுகிறவள். நுனியில் கொக்கி வைத்த ஒரே ஒரு ஊசி, ஒரு நூல் உருண்டை, இரண்டு கை. இவற்றை வைத்துக்கொண்டு பை, மேஜை விரிப்பு, குழந்தைக் குல்லா என்று எதை வேண்டுமானாலும் பின்னிவிடுவாள். கல்யாணமாகி வரும்போதே அந்த ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டுதான் வந்தாள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் சந்து மாதிரி இருந்த ஓர் இடத்தைப் பிடித்துக் கடை போட்டாள். இரண்டு பேர் உள்ளே வந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அவ்வளவுதான் கடை.

பேர்ப்பலகையில் என்னமோ அழகாகத்தான் எழுதியிருந்தது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. கொசுறுக் கடை என்றால்தான் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நூல் உருண்டை தீரும்போது கடைசியில் ஒன்றிரண்டு முழம் மிஞ்சும். அடுத்த சுற்றுக்குப் போதாது. மற்றவர்கள் அதைக் குப்பையில் போடுவார்கள். அண்ணி போட மாட்டாள். வந்தவர் எதை வாங்கலாம் என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மிச்ச நூலில் ஏதாவது ஒன்றைப் பின்னிவிடுவாள். மீன், குருவி, காளான், விரல் நுனிக்கு மட்டும் பொருந்துகிற ஒரு தொப்பி. வாங்கியவர் கிளம்பும் சமயம் பேச்சு ஆரம்பிக்கும்.

"என்னக்கா, இவ்வளவு பெரிய விரிப்பு வாங்கியிருக்கேன், கொசுறு ஒண்ணும் இல்லையா?"

"விரிப்பு வாங்க வந்தீங்களா, கொசுறு வாங்க வந்தீங்களா?"

"கொசுறுக்குத்தான் வந்தேன். விரிப்பு சும்மா சாக்கு."

"அப்ப விரிப்பை வெச்சுட்டுப் போங்க."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிக்கொண்டபடியே அந்த ஆளை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையில்தான் யாருக்கு எது என்பது முடிவாகும். ஒரு தடவை, விறைப்பாக வந்து விறைப்பாகப் பேசி விறைப்பாகப் பை வாங்கிய ஒரு மனிதருக்கு மஞ்சள் குருவியைப் போட்டுக் கொடுத்தாள். அவர் போன பிறகு, அந்த உம்மணாமூஞ்சிக்கு எதற்குக் குருவி என்று கேட்டேன்.

"அவருக்கு இல்ல. அவரு வீட்டுல இருக்கவங்களுக்கு. பாவம், அவங்களாவது சிரிக்கட்டும்" என்றாள்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போகாமல் இவ்வளவு நாடகம் எதற்கு என்று நினைப்பேன். நான் கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறவள். காலையிலிருந்து மதியம்வரை முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனித முகம் என்றாலே அலுப்பு. அண்ணிக்கு அது அலுக்கவே இல்லை. சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு வந்தாளென்றால், சமையல் முடிகிறவரைக்கும் அன்று வந்த முகங்களைப் பற்றித்தான் பேச்சு.

பல வருடம் கழித்துக் கட்டடத்துக்காரர் மூன்று கடைகளையும் இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விடப்போவதாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் வேறு தெருவுக்குப் போனார். சாவிக்காரர் ஒரு பெட்டியோடு மரத்தடிக்குப் போனார். அண்ணி ஊசியோடு வீட்டுக்கு வந்தாள்.

அவள் மகள் வேறு ஊரில், ஒரு ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். அவள்தான் போனில் சொன்னாள்.

"கடை போனா என்னம்மா, ஆன்லைன்ல போட்டுடலாம். உக்காந்த இடத்துல இருந்து விக்கலாம். ஷட்டர் தூக்கற வேலை மிச்சம்."

ஒரு விடுமுறையில் வந்து எல்லாவற்றையும் அவளே ஆரம்பித்தும் வைத்தாள். கட்டிலில் வெள்ளைப் போர்வையை விரித்து, அதன் மேல் பைகளை வைத்து, படம் எடுத்தாள். போர்வையில் சுருக்கம் விழுந்தது. உடனே அண்ணனைப் போர்வையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நாள் முழுக்க நின்று பழகிய ஆள்தான். ஆனாலும் இப்படி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பது அவனுக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. பையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கை வேண்டும் என்றாள். அண்ணியின் கையில் ஊசி குத்திய தழும்புகள். ஆகையால் என் கை. இன்றைக்கும் அந்த ஆன்லைன் பக்கத்தில் இருக்கிற எல்லாப் பைகளுக்கும் என் கைதான். உலகம் பூராவும் பார்க்கிற கை என்று அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டேன். கை மட்டும் தெரிகிற வரைக்கும் வியாபாரத்துக்கு ஆபத்தில்லை என்றான் அவன்.

முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாவது மாதம் ஒரு நீலப் பை போயிற்று. அதை வாங்கிய யாரோ அதைத் தோளில் மாட்டிப் படம் எடுத்துப் போட, அதைப் பார்த்து நாலு பேர் கேட்க, அங்கே பிடித்தது சனியன். எல்லோருக்கும் நீலப் பைதான் வேண்டும். அதே நீலம், அதே அளவு, கைப்பிடியில் அதே முறுக்கு. பச்சையில் பின்னட்டுமா, கொஞ்சம் அகலமாக வைக்கட்டுமா என்று அண்ணி கேட்பாள்.

"படத்துல இருக்கற மாதிரியே வேணும்மா. ஒரு இழை மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க" என்பாள் மகள்.

அடியில் ஒரு வட்டம் பின்ன வேண்டும். வட்டம் தட்டு அளவுக்கு வந்ததும் சுவர் எழுப்ப வேண்டும். பிறகு கைப்பிடி. பின்னி முடித்து, ஈரத்துணி போட்டு இழுத்து உருவம் பிடித்து, காய வைத்து, கடைப் பேர் போட்ட துணிச் சீட்டுத் தைத்து, மடித்து, பாக்கெட் போட வேண்டும். பாக்கெட் போடுவது அண்ணன் வேலை. முன்பு டிக்கெட் கிழித்த கை இப்போது டேப் கிழித்தது. கூரியர்காரர் பைகளைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கும்போது "ரைட்" என்று ஒரு குரல் கொடுப்பான். அது ஒன்றுதான் அந்த வீட்டில் மிஞ்சியிருந்த சிரிப்பு.

அண்ணி நீலத்தையே பின்னினாள். கடைக்கு ஷட்டர் இருந்தது. இழுத்துவிட்டால் நாள் முடிந்தது என்று அர்த்தம். போனுக்கு ஷட்டர் இல்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது டிங் என்னும். மதியம் சற்றுக் கண்ணயர்ந்தால் டிங் என்னும். எழுந்து பார்த்தால், "இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருப்பார். இருக்கிறது என்று என்னைப் பதில் போடச் சொல்வாள். அதன் பிறகு அந்த மனிதர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

ஆனால் அவள் முகம் சுண்டிப்போனதற்குக் காரணம் வேலை இல்லை. வேலைக்கு அசருகிற ஆள் இல்லை அவள். நீல நூல் மிச்சங்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்ந்துகொண்டே இருந்தன. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் பின்ன மாட்டாள்.

ஒரு மதியம் ஒட்டத் தயாராக இருந்த முகவரிச் சீட்டை என்னிடம் நீட்டினாள். "இந்தப் பேரைப் பாத்தா உனக்கு எப்படித் தோணுது? சின்னப் பொண்ணா, வயசானவங்களா?"

"பேரை வெச்சு எப்படி அண்ணி சொல்றது? எங்க ஆஸ்பத்திரிக்கு இதே பேர்ல குழந்தையும் வருது, கிழவியும் வருது."

"நீ தினம் எத்தனை பேரைப் பாக்கறே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் ஒரு மீனைப் பின்னினாள். மீன் என்றால் யாருக்கும் பொதுவாகப் போகும் என்றாள். அதைப் பைக்குள், அடியில், கண்ணில் படாமல் போட்டுவிட்டாள். ஒரு வரி எழுதி வைக்கலாமே என்றேன்.

"சொல்லிட்டுக் குடுத்தா அதுல என்ன இருக்கு? அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

அதிலிருந்து ஒவ்வொரு பையிலும் ஒரு நீல மீன் போனது. இரண்டு வாரம் அண்ணி நன்றாக இருந்தாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. மோட்டார் விஷயத்தில் என்னோடு பழையபடி சண்டைகூடப் போட்டாள். யாராவது மீனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவார்கள் என்று போனைப் பார்த்தபடி இருந்தாள். ஒருவரும் எழுதவில்லை. பிறகு ஒருத்தி எழுதினாள்.

நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம், வாய் நிற்கவில்லை. "பைக்குள் நூலால் செய்த புழு போன்ற ஏதோ ஒன்று கிடந்தது. வேறு யாரோ வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பியதை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். புதிது என்று நம்பித்தான் வாங்கினேன். பையைத் திருப்பி அனுப்புகிறேன்." கீழே ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தது.

அண்ணி பையைப் பற்றியோ நட்சத்திரத்தைப் பற்றியோ கேட்கவில்லை.

"புழுவா?" என்றாள். "வால் வெச்சேனே."

அன்று சாயங்காலமே மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம்.

"அம்மா, கேக்காத பொருளை எல்லாம் உள்ள போடக்கூடாது. இங்க யாருக்கும் கொசுறுன்னா என்னன்னே புரியாது. தப்பான சாமான் வந்துடுச்சுன்னுதான் நினைப்பாங்க."

"கடையில எல்லாரும் கேட்டாங்களே."

"இது கடை இல்லம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

 மகள் மெதுவாக, "நானும் ஆபீஸ் முடிஞ்சு வந்துதாம்மா இதைப் பாக்கறேன். எனக்கும் முடியல. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இலவசப் பரிசுன்னு ஒரு சீட்டு ஒட்டி அனுப்பலாம்" என்றாள்.

"இலவசம் வேற, கொசுறு வேறடி. இலவசம்னா கடைக்காரனா பாத்துக் குடுக்கறது. கொசுறுன்னா நாம அவன்கிட்ட இருந்து புடுங்கறது. கேக்கணும், இல்லேன்னு சொல்லணும், திரும்பக் கேக்கணும். அப்பதான் அது கொசுறு."

மகள் கெட்டிக்காரி. அந்தப் பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் ஆன்லைன் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் வந்தது. "கொசுறு வேண்டுமா?" என்று அதில் எழுதியிருந்தது. வேண்டும் என்றால் கட்டத்தைத் தொட வேண்டும். தொட்டால் கீழே மீன், குருவி, காளான் என்று வரும். எது வேண்டுமோ அதைத் தொட்டுக்கொள்ளலாம். கேட்டுத்தானே கொடுக்கணும்னு சொன்னே, இப்ப கேப்பாங்க பாரு என்றாள் மகள். எனக்கும்கூட நல்ல யோசனையாகத்தான் பட்டது.

எல்லோரும் தொட்டார்கள். சும்மா வருவதை யார்தான் வேண்டாம் என்பார்கள். ஒவ்வொரு பைக்கும் ஒரு குருவி அல்லது ஒரு காளான் பின்னியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. மிச்ச நூல் போதவில்லை. கொசுறுக்காக அண்ணன் போய்ப் புது நூல் உருண்டை வாங்கி வந்தான். மஞ்சள் உருண்டையை அவன் மேஜையில் வைத்தபோது அண்ணி அதை ஏதோ தொடக்கூடாத சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். குருவியின் மூக்கு படத்தில் இருப்பதுபோல் இல்லை என்று ஒருத்தர் எழுதினார். கொசுறுக்கே குறை வந்துவிட்டது.

மறுநாள் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஊசி ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. ஊசி ஒன்று அவள் கையில் இருக்கும், இல்லாவிட்டால் கொண்டையில் இருக்கும். வேறு இடத்தில் நான் பார்த்ததில்லை.  அண்ணி ஜன்னல் பக்கம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கை வலிக்குதா அண்ணி?"

"கை இல்ல."

"பின்ன?"

"தெரியல. அலுத்துப்போச்சு. யாருக்குப் பின்றேன்னே தெரியாம பின்னிட்டிருக்கேன். சுவத்துக்குப் பின்ற மாதிரி இருக்கு. போதும். நான் இதை விட்டுடப் போறேன்."

 மகளிடம் சொன்னோம். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நாள் கடையை நிறுத்தி வைக்கிறேன், பிறகு முடிவு பண்ணலாம், வேண்டாம் என்றால் எடுத்தே விடலாம் என்றாள். அந்தப் பக்கத்தில் 'இப்போது விற்பனை இல்லை' என்று வந்தது. அதன் மேலே என் கை நீலப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வீடு அமைதியாக இருந்தது. டிங் இல்லை. நான் வேண்டிக்கொண்டிருந்த அமைதிதான். ஆனால் அண்ணி மோட்டாரைப் பற்றிக்கூட ஒன்றும் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே இரண்டு நாள் போடாமல் விட்டுப் பார்த்தேன். அவளே எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். சண்டை போடாத அண்ணியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஊசியின் மேல் தூசி படிந்தது. துடைக்கலாம் என்று கையைக் கொண்டு போவேன், பிறகு விட்டுவிடுவேன். என் பொருள் இல்லை அது.

அப்போதுதான் அந்தப் புழுக்காரியின் பை வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பியது எந்தெந்த ஊரையெல்லாம் சுற்றியதோ, அட்டைப் பெட்டியின் மூலையெல்லாம் நசுங்கியிருந்தது. கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போகும்போது அண்ணன் "ரைட்" சொல்லவில்லை. டேப்பைக் கிழித்துப் பையை மேஜைமேல் வைத்தான். நன்றாக மடித்துத்தான் அனுப்பியிருந்தாள். உள்ளே தைத்திருந்த துணிச் சீட்டு மட்டும் வெட்டப்பட்டிருந்தது. இனி அதைப் புதிதென்று விற்க முடியாது.

அண்ணி முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து வந்தாள். மடிப்பைப் பிரித்து, கைப்பிடி முறுக்கை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டாள். எடுத்துவிட்டு மறுபடி விட்டாள். பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி உதறினாள். பிறகு அட்டைப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தாள்.

"என்ன தேடறே?" என்றான் அண்ணன்.

"மீன் இல்ல."

"எங்க போயிருக்கும்? வர்ற வழியில விழுந்திருக்கும்."

"பெட்டி நீங்கதான் இப்ப பிரிச்சீங்க. டேப் ஒட்டினபடி இருந்துச்சு."

"அப்ப அவங்க குப்பையில போட்டிருப்பாங்க. அவங்கதான் புழுன்னு எழுதினாங்களே."

"போட்டிருக்கலாம்" என்றாள் அண்ணி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.   அவள் உதடு ஓரமாக ஒரு மாதிரி போயிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கேடி" என்றாள். "பை வேணாமாம். ஒரே ஒரு நட்சத்திரமாம். புழுவாம். ஆனா மீனை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டா பாரு."

"குப்பைன்னு சொல்றேனே" என்றான் அண்ணன்.

"குப்பையில போடறவ அதுக்காக ஒரு தடவை எழுந்திருக்கணும். வேணாம்னா பையோடவே அனுப்பியிருப்பா. மடிச்சு அனுப்பத் தெரிஞ்சவளுக்கு அது தெரியாதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான்.  அந்த மீன் குப்பைக்கூடையில் கிடக்கிறதா, யாருடைய சாவிக்கொத்திலாவது தொங்குகிறதா என்பது எங்கள் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கடையில் மேஜை விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது சரியில்லை அது சரியில்லை என்று நொட்டை சொல்லி, வாங்காமலேயே கொசுறை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் எப்போதும் ஓரிருவர் இருந்தார்கள். அவர்களை அண்ணி நன்றாகத் திட்டுவாள். அவர்கள் திரும்பி வருவதையும் எதிர்பார்த்திருப்பாள்.

"பெட்டி மேல ஒட்டின சீட்டுல அவ பேரு இருக்கும். படி" என்றாள் என்னிடம்.

படித்தேன்.

"நாப்பது இருக்கும்" என்றாள் அண்ணி யோசித்துக்கொண்டே. "வீட்டுல ஒருத்தரும் அவ பேச்சைக் கேக்க மாட்டாங்க. அதான் எங்கிட்ட வந்து கத்தியிருக்கா. கொஞ்சம் முன்கோபம். மூக்கு நல்லா எடுப்பா இருக்கும்."

 ஆன்லைனில் கடை போட்ட நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் கடைக்கு ஒரு ஆள் வந்திருக்கிறாள்.

பையின் கைப்பிடி முடிகிற இடத்தில் முடிச்சைத் தேடி, நகத்தால் நெம்பி, நூலின் நுனியை இழுத்தாள். நீலம் சுற்றுச் சுற்றாகப் பிரிந்து வந்தது. பிரித்த நூலைச் சுற்ற அண்ணனைக் கை நீட்டச் சொன்னாள். போர்வை பிடித்த அதே கைகள். வலிக்கிறது என்று முனகிக்கொண்டே நீட்டினான்.

"அந்தக் கட்டத்தை எடுத்துடச் சொல்லு" என்றாள் என்னிடம், தலையை நிமிர்த்தாமல். "யாரும் தொட வேணாம். கேக்கறவங்க எழுதிக் கேக்கட்டும். இல்லேன்னுதான் சொல்லுவேன்."

"கடையைத் திறக்கறதா அப்ப?"

"ரொம்ப அலுப்பா இருக்கு" என்றாள். "நாளைக்குப் பாக்கலாம். இப்ப அந்த ஊசியை எடு. மோட்டார் போட்டியா?"